தையல் கால்

1. எருமை

பசுவந்தனை ரோட்டில் ஒரு காலை. பருத்திக் காட்டிலிருந்து ஓர் எருமை நிதானமாக ஏறி வந்து நடுரோட்டில் நின்றது. “நிப்பாட்டும்மா” என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் பதறவில்லை, கத்தவில்லை. நிறுத்தத்தான் செய்தாள். அவளைக் கேட்டால் நிறுத்திவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அந்த பிரேக்கை நான் மிதித்ததால் எருமை பிழைத்தது. அதற்கு நன்றி விசுவாசம் எதுவும் இல்லை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிப் போனது.

குனிந்து அந்தப் பெண்ணின் வலது காலைப் பார்த்தேன். அது ஆக்சிலேட்டரை விட்டு நகரவே இல்லை. முன்பாதம் மட்டும் மேலே தூக்கியிருந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றி, உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நீ புதியம்புத்தூர்ல தைக்கியா?”

“ஆமா சார். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒன் காலு சொல்லுது.”

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆட்களை முகத்தைப் பார்த்து எடைபோடுகிறவர்கள் உண்டு. நாம் காலைப் பார்க்க வேண்டும். டிராக்டர் ஓட்டிப் பழகியவர் கிளட்சின் மேலேயே காலை வைத்துக் குடித்தனம் நடத்துவார். மாட்டுவண்டி ஓட்டியவர் நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்து இழுப்பார், வாயில் ‘ஓ... ஓ...’ என்ற சத்தமும் வரும். புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனிகளில் தைக்கிறவர்களுக்குக் குதிகால். பவர் மெஷினுக்கு ஒரே பெடல்தான். முன்பாதத்தை அழுத்தினால் மெஷின் ஓடும், குதிகாலை அழுத்தினால் நிற்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படியே ஓட்டி அப்படியே நிறுத்துகிற கால், காரில் ஏறினாலும் அதைத்தான் செய்யும். இதற்கு நான் வைத்த பெயர் ‘தையல் கால்’. எங்கள் ஸ்கூலில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

அந்தப் பெண்ணின் பெயர் சுடலைவடிவு. வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் ஆடு மேய்க்கிறார். மகள் மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள்.

2. பஸ்

அன்று திரும்பி வரும்போது கேட்டேன். “கார் பழகி என்னம்மா செய்யப்போற? வீட்டுல கார் கீர் வாங்கியிருக்காவளா?”

“எங்க வீட்டுல ஆடுதான் சார் இருக்கு. எனக்கு கார் வேண்டாம். பஸ்ஸு ஓட்டணும்.”

“எந்த பஸ்ஸு?”

“எங்க கம்பெனி பஸ்ஸு. நான் தெனமும் ஏறிப்போற பஸ்ஸு.”

நான் சிரித்துவிட்டேன். என்னிடம் பழக வருகிற பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஸ்கூட்டர் பழகுவார்கள். கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள் கார் பழகுவார்கள். ஹெவி லைசென்ஸ் வேண்டும் என்று அதுவரை ஒரு பெண்ணும் என் முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை. ஆனால் வடிவு என் சிரிப்பைப் பொருட்படுத்தவே இல்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அந்த பஸ்ஸு என்னைய சொமந்து கொண்டுபோய் விடுது, திரும்பக் கொண்டாந்து விடுது. கல்யாணத்துக்கு முன்னாடி ஏற ஆரம்பிச்சேன், இப்ப எம் மக என் ஒசரம் வந்துட்டா. ஒரு நாளாவது நான் அதைக் கூட்டிட்டுப் போகணும் சார்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுடைய முதலாளியிடமே போய்க் கேட்டிருக்கிறாள். அவர் முதலில், “ஏம்மா, கத்திரிக்கோல் குடுத்தா போதாதா, சாவியும் வேணுமாக்கும்?” என்று கிண்டல் செய்தாராம். இவள் அசையாமல் நிற்கவும் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். “டிரைவர் சேவியர் அண்ணாச்சி இந்தப் பொங்கல் இல்ல, அடுத்த பொங்கல் கழிச்சு மகன் வீட்டுக்குப் போறாவ. அதுக்குள்ள ஹெவி லைசென்ஸோட வந்து நில்லு. சாவி ஒனக்கு. வரலைன்னா தூத்துக்குடியில இருந்து ஒரு ஆளை இறக்கிருவேன், பொறவு என்னையக் கேக்கக் கூடாது.”

ஹெவி எடுக்க வேண்டுமென்றால் முதலில் லைட் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எடுத்து ஒரு வருஷம் ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட முடியும். கணக்குப் பார்த்தால் அடுத்த பொங்கல் ரொம்பத் தூரத்தில் இல்லை. ஒரு தடவை தவறினால் போச்சு.

லைட் லைசென்ஸ் எப்படியோ கிடைத்துவிட்டது. ‘எப்படியோ’ என்று எழுதுகிறேன், எனக்கு அன்றைக்குக் காரணம் புரியவில்லை. ஆடி பிறந்து கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் கொஞ்ச நாள் மெஷின்கள் சும்மா கிடந்தன. அந்த நாட்களில் வடிவு தினமும் வந்து ஓட்டினாள். குதிகால் தானாகவே அடங்கிவிட்டது. டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் அழகாக ஓட்டிக் காட்டினாள். என்னுடைய சொல்லித்தரும் திறமை என்று நானும் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

3. ரெண்டில் ஒன்று

ஒரு வருஷம் கழித்து ஹெவிக்கு வந்தாள். எங்கள் பழைய லாரியில் ஏற்றினேன். ஏறும்போதே அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு மருமகளாக வருகிறவள்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்து உள்ளே காலை வைக்க மாட்டாள். சீட்டில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங் அவளுக்கு ஒரு சுளகு அகலம். அதையெல்லாம் சமாளித்தாள். வளைவு எடுப்பதிலும் கியர் மாற்றுவதிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கயத்தாறு போகும் வழியில் ஒரு லாரி திடீரென்று முன்னால் நின்றது. வடிவின் குதிகால் தரையை அழுத்தியது. நான் என் பக்கத்து பிரேக்கின் மேல் எழுந்தே நின்றுவிட்டேன்.

தையல் கால் திரும்பி வந்திருந்தது. நிதானமாக ஓட்டும்போது வராது. பதறுகிற அந்த ஒரு நொடியில் வரும். வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு நொடிக்காகத்தானே லைசென்ஸ் கொடுக்கிறார்கள்? அப்போதுதான் எனக்கு விளங்கியது. கம்பெனி மூடியிருந்தபோது அடங்கிய கால், ஒரு வருஷம் மறுபடி தைத்ததில் பழையபடி ஆகிவிட்டது. காலையில் நான் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பதை, மெஷின் பகல் முழுக்க உட்கார்ந்து அழிக்கிறது. நான் சொல்லிக்கொடுக்கிற பாடம், மெஷின் சொல்லிக்கொடுக்கிற பாடத்தின் முன்னால் எடுபடவில்லை.

லாரியை ஓரம் கட்டிவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

“வடிவு, இது காருன்னா நான் விட்டுருவேன். நீ பொம்பளப்பிள்ளைகளை ஏத்திட்டு போகப்போற. ரெண்டுல ஒண்ணை விட்டுரு. தைக்கதை விடு, இல்ல ஓட்டுததை விடு.”

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தன் நிலைமையைச் சொன்னாள். தையலை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதோடு, கம்பெனி ஆளாக இருந்தால்தான் கம்பெனி பஸ். வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றால் முதலாளி ஏன் சாவி கொடுக்கப்போகிறார்? பஸ் ஓட்டத் தையல் வேண்டும், தையல் இருந்தால் பஸ் ஓட்ட முடியாது. எனக்கே அதைக் கேட்க மனசு கனத்துப்போயிற்று.

“ரெண்டையும் விட முடியாது சார்” என்றாள். லாரியிலிருந்து இறங்கி, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சில வாரம் ஆளைக் காணவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய ஆசையோடு வந்துவிட்டு, பாதியில் காணாமல் போனவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆளுக்கொரு பிழைப்பு.

4. காலர்

ஐப்பசி பிறந்து திரும்ப வந்தாள். “வண்டியை எடுக்கட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏறினாள்.

அன்று அவளை விதவிதமாகச் சோதித்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்து திடீரென்று “நிப்பாட்டு” என்றேன். இறக்கத்தில் சொன்னேன். வளைவில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வலது கால் ஆக்சிலேட்டரை விட்டுக் கிளம்பி நேராக பிரேக்குக்குப் போனது. குதிகால் என்று ஒன்று இருப்பதே அதற்கு ஞாபகம் இல்லை.

“வேலைய விட்டுட்டியாம்மா?”

“இல்ல சார். காலை மாத்திட்டேன்.”

“எந்தக் காலை?”

“இப்ப எடது காலால தைக்கேன். மெக்கானிக் தம்பிட்ட சொல்லி பெடலை எடது பக்கமா நகத்தி வச்சுக்கிட்டேன். எடது கால் மெஷினுக்கு. வலது கால் பஸ்ஸுக்கு.”

இத்தனை வருஷமாக நான் தையல் காலைத் திருத்தப் பார்த்ததெல்லாம் காரில் வைத்துத்தான். மெஷினில் வைத்துத் திருத்தலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆனாலும் வாத்தியார் புத்தி விடுமா? ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தேன்.

“அப்ப எடது காலுக்குத் தையல் கால் வந்துருமேம்மா. அங்கன கிளட்ச் இருக்கே?”

“அதையும் யோசிச்சேன் சார். வலது கால் தப்பு செஞ்சா வண்டி போய்க்கிட்டே இருக்கும். எடது கால் தப்பு செஞ்சா கிளட்ச் விட்டுப் போயி எஞ்சின் ஆஃப் ஆவும். வண்டி நின்னுரும். நின்னா யாருக்கும் ஒண்ணும் இல்லையே.”

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது என் பெண்டாட்டியிடம் இதைச் சொன்னேன். “அந்தப் பிள்ளை எடது காலால தைக்கத நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த ஞாயிறு தாண்டி, எங்கள் டிரைவிங் ஸ்கூல் பையன்களுக்குச் சட்டை தைக்கக் கொடுக்கிற சாக்கில் புதியம்புத்தூர் போனேன்.

நீளமான ஷெட். வரிசை வரிசையாக மெஷின்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. வடிவை முன்வரிசையில் தேடினேன். இல்லை. லைன் சூப்பர்வைசர் செல்வி என்ற பெண் என்னைக் கடைசிக்குக் கூட்டிப் போனாள். சுவரோரம் பழகுகிற பிள்ளைகளைப் போடுகிற மெஷின். அதில் வடிவு உட்கார்ந்திருந்தாள்.

“நல்லாப் பாருங்க அண்ணாச்சி” என்றாள் செல்வி. “எங்க லைன்ல காலர் வைக்க இவளை விட்டா ஆள் கெடையாது. வேற கம்பெனிக்காரன் வந்து கூப்பிடுவான். இப்ப நேர் தையலே பாம்பு போறது மாதிரி போவுது. அதான் இங்கன கொண்டாந்து போட்டுருக்கு.” பிறகு வடிவிடம் குனிந்து, “ஏட்டி, நல்லா இருந்த காலுக்கு என்ன கேடு வந்துச்சு ஒனக்கு?” என்று கேட்டாள். கோபமும் வருத்தமும் பாதிப்பாதி.

வடிவு சிரித்தாள். நிமிரவில்லை. ஒரு கைமடிப்புத் துணி மெஷினில் இருந்தது. இடது கால் தயங்கித் தயங்கி பெடலை அழுத்தியது. நூல் கோணியது. பிரித்தாள், மறுபடி வைத்தாள். பக்கத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை அவளைவிட வேகமாகத் தைத்துக்கொண்டிருந்தது. வலது கால் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தது. அதை அவள் அசைக்கவே இல்லை.

கூலி குறைந்திருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு தொழிலில் முதல் ஆள் என்று பெயர் எடுத்தவள், எல்லோரும் பார்க்க, கடைசி மெஷினில் உட்கார்ந்து கத்துக்குட்டியாக மறுபடி தொடங்குவது சாதாரணக் காரியமா? என்னை நாளைக்கு எல்-போர்டு மாட்டி ஓட்டச் சொன்னால் ஸ்கூலையே இழுத்து மூடிவிடுவேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறைக்காமல் சொல்கிறேன், கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

5. மழை பெய்த மறுநாள்

டெஸ்ட் மார்கழியில் வந்தது. இதில் தவறினால் அடுத்த தேதி கிடைக்கும்போது பொங்கல் முடிந்து தூத்துக்குடி ஆள் வந்து இறங்கியிருப்பார். வடிவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முந்தின நாள் காலம் தப்பி மழை. கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். நாலு எட்டு வைத்தால் ஆளே ஒரு சாண் உயரம் கூடிவிடுவார், அவ்வளவு மண் செருப்பில் ஒட்டும். அந்தக் காலோடு பெடலை மிதித்தால் வழுக்கிவிடும். டெஸ்டுக்கு வந்திருந்த ஆண்கள் கல்லில் தேய்த்தார்கள், குச்சி தேடினார்கள். வடிவு இடுப்பிலிருந்து நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்து, ஷூவின் அடியில் இருந்த மண்ணைக் கோடு கோடாகச் சுரண்டி எடுத்தாள். பிறகு லாரியில் ஏறினாள்.

டெஸ்டில் என்னுடைய இடத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் உட்காருவார். நான் கீழே நிற்க வேண்டியதுதான். டெஸ்ட் ரோட்டில் இருக்கிற மேம்பாலத்து இறக்கத்தின் அடியில் போய் நின்றுகொண்டேன். லாரி மேலே ஏறி மறைந்தது. திரும்பி உச்சியில் முகம் காட்டியது. இறங்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மண்பாதையிலிருந்து ஒரு செம்மறிக் கூட்டம் ரோட்டில் ஏறிற்று. செம்மறி ஒன்று போனால் எல்லாம் போகும், ஒன்றும் திரும்பிப் பார்க்காது. பின்னால் வந்தவர் கம்பை நீட்டிக் கத்துகிறார். என் வலது கால் வெறும் ரோட்டை மிதித்து மிதித்து வலித்தது.

லாரி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. கடைசி ஆட்டுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். நின்ற வேகத்தில் ஒரு குலுக்கல் குலுக்கி எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. வலது கால் பிரேக்குக்குப் போயிருக்கிறது. இடது கால் பதற்றத்தில் குதிகாலை ஊன்றி, கிளட்சை விட்டிருக்கிறது. அவள் என்றைக்கோ உட்கார்ந்து யோசித்து வைத்த மாதிரியே, ஒரு இம்மி பிசகாமல். ஆனால் டெஸ்டில் எஞ்சின் ஆஃப் ஆனால் இன்ஸ்பெக்டர் விடுவாரா? நான் ஓடினேன்.

ஜன்னல் வழியாக இன்ஸ்பெக்டர் குரல் கேட்டது. “எஞ்சின் ஆஃப் ஆயிருச்சேம்மா?”

வடிவுக்கு மூச்சு வாங்கியது. “ஆமா சார். ஆடு முழுசா இருக்கு சார்.”

அவர் கொஞ்ச நேரம் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “திருப்பி இதே பாலத்துல ஏத்துங்க. நடு ஏத்தத்துல நிப்பாட்டி, பின்னால உருளாம எடுக்கணும்” என்றார். ஹெவியில் அதுதான் கஷ்டமான வேலை. வடிவு ஏற்றினாள். நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக், அரைக் கிளட்ச், ஆக்சிலேட்டர். லாரி ஒரு விரற்கடைகூடப் பின்னால் வராமல், யானைபோல மேலே நகர்ந்தது. பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, “யாரு அண்ணாச்சி, ஒங்க மகளா?” என்று கேட்டார். நான் ஆமா என்று சொல்லிவிட்டேன்.

6. மூன்று பேர்

பொங்கல் கழிந்த வாரம், காலையில் பசுவந்தனைக்கு ரோடு பிரிகிற விலக்கில் போய் நின்றேன். பஸ் வந்தது. வடிவு ஓட்டி வந்தாள். ஏறிய பெண்கள் ஒருத்தரும் அதை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. ஒருத்தி சட்னி ஊசிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினாள். வாயைப் பிளந்துகொண்டு நின்றது நான் ஒருவன்தான். வடிவு என்னைப் பார்த்து, “ஏறுதீங்களா சார்?” என்றாள். ஏறவில்லை. அவள் ஓட்டுகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் என் கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். அவளை அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடும்.

இப்போதெல்லாம் நான் தினமும் வண்டியில் ஏறுவதில்லை. போன வருஷம் அதே கம்பெனியிலிருந்து மூன்று பெண்கள் சேர வந்தார்கள். புதியம்புத்தூர் என்றதும், எனக்கு நன்றாகத் தெரிந்த வியாதி என்று நானே வண்டியில் ஏறினேன். முதல் நாள், முதல் பெண். ஊருக்கு வெளியே போய்த் திடீரென்று “நிப்பாட்டும்மா” என்றேன். நின்றது. குனிந்து காலைப் பார்த்தேன். பிரேக்கில் இருந்தது. அடுத்தவள். அவளும் அப்படியே. மூன்றாவது பெண்ணையும் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன்.

“நீங்க மூணு பேரும் தைக்கதில்லையா?”

“தைக்கோம் சார். எடது காலால” என்றாள் முன்னால் இருந்தவள்.

“வடிவு சொல்லிக்குடுத்தாளா?”

“அவிய ஒண்ணும் சொல்லல சார். அவிய பஸ்ஸு ஓட்டுததைப் பாத்துட்டு நாங்களாத்தான் மாத்திக்கிட்டோம். ஒரு வருசம் ஆவுது. இங்கன சேர இப்பத்தான் வீட்டுல விட்டாவ.”

பின் சீட்டிலிருந்து இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள். “எங்க லைன்ல பாதிப்பேரு மாத்தியாச்சு சார். வீட்டுல யாருக்கும் தெரியாது.”

அந்த நீளமான ஷெட்டில், மேஜைகளுக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், எத்தனை வலது கால்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கின்றன என்று நினைத்தேன். சம்மதம் கிடைக்கவில்லை, பணம் கட்டவில்லை, வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கால் தயாராகிவிட்டது.

முன்பெல்லாம் யாராவது பெரிய ஆசையோடு வந்தால் ‘ஒன்னால முடியுமா?’ என்று கேட்பேன். வடிவுக்குப் பிறகு, அதற்காக எதை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்கப் பழகிக்கொண்டேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அந்த மூன்று பேரிடம் அதையும் கேட்கவில்லை. ஹெவிக்கு யார் யார் என்று மட்டும் கேட்டேன். மூன்று பேரும் கையைத் தூக்கினார்கள்.